ஆயாவுக்கு எல்லாம் தெரியும் என்பவர்களுக்கு

பிள்ளையைக் காப்பகத்தில் விடத் தொடங்கும் வீடுகளில் இந்தப் பேச்சு தவறாமல் வரும். பிள்ளையின் அம்மா தரையில் உட்கார்ந்து பால் பாட்டில், டிபன் பாக்ஸ், துண்டு, ஜட்டி, விரிப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் எழுதிக்கொண்டிருப்பார். பார்த்துக்கொண்டிருக்கும் மாமியாரோ, கணவரோ, எதிர்வீட்டு அக்காவோ சொல்வார்கள்: "இதுக்கெல்லாமா பேர் எழுதுவாங்க? எது எந்தப் பிள்ளையோடதுன்னு ஆயாவுக்குத் தெரியாதா? தொலைஞ்சா போகுது, வேற வாங்கிக்கலாம்." காப்பகம் நடத்துகிறவர்களிலும் பலர் இதையே பெருமையாகச் சொல்கிறார்கள். "எங்க ஆயாம்மாவுக்கு லேபிளே வேண்டாம் மேடம், பார்த்தவுடனே சொல்லிடுவாங்க" என்று சேர்க்கை நாளன்றே பெற்றோரிடம் சொல்லிவிடுகிறார்கள். கேட்கிறவர்களுக்கும் அது நிம்மதியாக இருக்கிறது.

கோவையில் காப்பகப் பொறுப்பாளராக வேலை பார்த்தவள் நான். இந்தப் பேச்சு தவறானது, பிள்ளைகளுக்கு ஆபத்தானது, ஆயாக்களுக்கு அநியாயமானது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

பெயர் எழுதுவது பொருள் தொலையாமல் இருக்கத்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பொருளுக்காகத்தான் என்றால் எதிர்வீட்டு அக்கா சொல்வது சரிதான். ஒரு பாட்டில் போனால் இன்னொன்று வாங்கலாம். சாக்ஸுக்காக யாரும் அழ வேண்டியதில்லை. ஆனால் காப்பகத்தில் ஒரு பாட்டில் தொலைவதில்லை, மாறுகிறது. மாறிய பாட்டில் இன்னொரு பிள்ளையின் வாய்க்குப் போகிறது. மாறிய துண்டு இன்னொரு பிள்ளையின் கண்ணைத் துடைக்கிறது. மாறிய மருந்து இன்னொரு பிள்ளையின் வயிற்றுக்குள் போகிறது. தொலைந்ததை வாங்கிவிடலாம். மாறிப் போனதை என்ன செய்வீர்கள்?

காலை எட்டே முக்காலிலிருந்து ஒன்பதே கால் வரை ஏதாவது ஒரு காப்பகத்தின் வாசலில் நின்று பாருங்கள். ஸ்கூட்டரை அணைக்காமலே பிள்ளையை இறக்கிவிடும் அப்பாக்கள், ஆபீஸ் கேப் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க ஓடிவரும் அம்மாக்கள். ஒரு கையில் அழுகிற பிள்ளையை வாங்கிக்கொண்டு மறு கையால் பையை வாங்கி அலமாரியில் வைக்கிறார் ஆயா. "நைட்டெல்லாம் லேசா காய்ச்சல், மருந்து பையில இருக்கு, சாப்பிட்டப்புறம் குடுத்துடுங்க" என்று ஒரு குரல். "இன்னைக்கு முட்டை வேண்டாம்" என்று இன்னொரு குரல். அலமாரியில் பத்துப் பதினைந்து பைகள், பாதிப் பைகளில் ஒரே கார்ட்டூன் பொம்மை. ஒரே கடையில் ஒரே தள்ளுபடியில் வாங்கிய ஒரே மாதிரி பாட்டில்கள், மூடி மட்டும் சிலது நீலம், சிலது இளஞ்சிவப்பு. கழுவும்போது மூடி தனி, நிப்பிள் தனி, பாட்டில் தனி. வெந்நீரில் எல்லாம் ஒன்றாகக் கொதித்து எழுந்தபின் எந்த மூடி எந்தப் பாட்டிலுக்கு என்று கேட்டால் வாங்கிக்கொடுத்த அம்மாவாலேயே சொல்ல முடியாது. ஆயா மட்டும் எப்படிச் சொல்வார்?

2018-இல் மத்திய அரசு வெளியிட்ட காப்பக வழிகாட்டு நெறிகள், மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒரு பணியாளர் வேண்டும் என்கின்றன. அந்தக் கணக்கு அப்படியே கடைப்பிடிக்கப்படுவதாகவே வைத்துக்கொள்வோம். பாட்டில், மூடி, டம்ளர், ஸ்பூன், டிபன் பாக்ஸ், மாற்றுத்துணி இரண்டு செட், துண்டு, விரிப்பு, தொப்பி, செருப்பு, மருந்து என்று ஒரு பிள்ளைக்குப் பதினைந்து பொருள் தாராளமாக வரும். பத்துப் பிள்ளைக்கு நூற்றைம்பது. இவற்றில் பாதி தினமும் மாறும், நேற்று வந்த சட்டை இன்று வராது. இத்தனையையும் ஒருவர் மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதைப் பாராட்டு என்று சொல்லாதீர்கள். அது சுமை.

ஆயாவுக்கு உண்மையிலேயே தெரிந்தவை வேறு. எந்தப் பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டால் தூக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம், எந்தப் பிள்ளையை முதுகில் தட்டினால் அழுகை கூடும், யாருடைய அழுகை பசி, யாருடையது வயிற்றுவலி, புதிதாக வந்த பிள்ளை யார் பக்கத்தில் படுத்தால் பயப்படாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நான் பார்த்த நல்ல ஆயாக்களின் திறமை இதுதான். எந்த மருத்துவரும் எந்த உளவியல் பட்டதாரியும் இதில் அவர்களுக்கு ஈடு இல்லை. அந்தக் கவனத்தை எடுத்து, நீலமூடி யாருடையது என்று யோசிப்பதில் செலவிட வைப்பது எவ்வளவு பெரிய வீண்!

அதோடு, ஆயா லீவு போடுவார். அவர் வீட்டுப் பிள்ளைக்கும் காய்ச்சல் வரும், அவர் ஊரிலும் திருவிழா வரும். சம்பளம் போதாமல் வேறு வேலைக்கும் போய்விடுவார், இந்தத் தொழிலில் அது அடிக்கடி நடப்பது. அன்று வந்து நிற்கும் புது ஆளுக்குப் பிள்ளைகளின் முகமே பழக்கமில்லை. "பார்த்தவுடனே சொல்லிவிடுவார்" என்ற பெருமை அன்றைக்கு எதற்கும் உதவாது. நானறிந்த குளறுபடிகள் பலவும் இப்படிப்பட்ட நாட்களில்தான் நடந்தன.

முதலில் பால். வேலைக்குத் திரும்பும் தாய் பீய்ச்சிக் கொடுத்தனுப்பும் தாய்ப்பாலுக்கு ஆயுள் உண்டு. 25 டிகிரி வரை வெப்பமுள்ள அறையில் 4 மணி நேரம், குளிர்பதனப் பெட்டியில் 4 நாள் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. சென்னையிலும் மதுரையிலும் சித்திரை மாதத்து அறையில் 25 டிகிரி எங்கே இருக்கிறது? அதனால் பாட்டிலில் பெயர் மட்டும் இருந்தால் போதாது, பீய்ச்சிய நாளும் நேரமும் இருக்க வேண்டும். பெயரில்லாத இரண்டு பாட்டில்கள் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரு பிள்ளை இன்னொரு தாயின் பாலைக் குடித்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவுதான். ஆனாலும் இரண்டு தாய்மார்களிடமும் அதைச் சொல்லியாக வேண்டும், மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். பல காப்பகங்களில் அதைச் சொல்லாமல் மறைக்கத்தான் பார்ப்பார்கள். சொன்னால் சேர்க்கை போய்விடுமே என்ற பயம். ஒரு துண்டு டேப்பில் எழுதிய பெயர் இந்த மறைப்புக்கே இடம் வைக்காது.

பசும்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் கதை வேறு. வேர்க்கடலை, முட்டை, முந்திரி ஒவ்வாமை உள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு மடக்கில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணறும் பிள்ளையை நான் கையில் ஏந்தியிருக்கிறேன். வெளியே இருந்து பார்த்தால் எல்லா வெள்ளைப் பாலும் ஒன்றுதான். பக்கத்துப் பிள்ளையின் டம்ளரை அந்தப் பிள்ளை எடுத்துவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. ஒவ்வாமை உள்ள பிள்ளையின் பொருளில் பெயரோடு 'பால் கூடாது' என்று சிவப்பில் எழுதியிருந்தால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டிருக்கும். அதைப் பதற்றம் என்று சொல்கிறவர்கள் மருத்துவமனைக்குப் போன அந்த அரைமணி நேரம் என்னோடு ஆட்டோவில் வந்திருக்க வேண்டும்.

அடுத்தது மருந்து. இதில் என் கோபம் அதிகம். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் நம் கடைகளில் ஒரே வலுவில் கிடைப்பதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிக்கு 25. அதைவிட இரட்டிப்பு வலுவுள்ள 250 சிரப்பும் உண்டு. மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு, ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். பத்துக் கிலோ பிள்ளைக்கு 150. சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லி. 125 சிரப் என்றால் ஆறு மில்லி. இப்போது யோசித்துப் பாருங்கள். இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல், இரண்டு பைகளிலும் பாராசிட்டமால், ஒன்று சொட்டு, ஒன்று சிரப், இரண்டிலும் பெயரில்லை. "ஆறு மில்லி குடுங்க" என்று காலையில் சொன்னது ஆயாவுக்கு நினைவிருக்கிறது. எந்தப் பாட்டிலிலிருந்து என்பது நினைவில்லை. சொட்டு மருந்தில் ஆறு மில்லி என்றால் 600 மில்லிகிராம், சரியான அளவைப் போல நான்கு மடங்கு. அளவு மீறிய பாராசிட்டமால் ஈரலைத் தாக்கும்.

மருந்தே வாங்க மாட்டோம் என்று சில காப்பகங்கள் விதி வைத்திருக்கின்றன. நல்லதுதான். ஆனாலும் லீவு கிடைக்காத பெற்றோர் பையின் அடியில் வைத்து அனுப்பத்தான் செய்கிறார்கள். ஆகவே மருந்து பாட்டிலில் பிள்ளையின் பெயர், எடை, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, வீட்டில் கடைசியாகக் கொடுத்தது எப்போது என்ற ஐந்தும் இல்லாமல் எந்தக் காப்பகமும் அதை வாங்கக் கூடாது. இதில் சமரசத்துக்கு இடமில்லை. வீட்டில் காலை ஏழு மணிக்குக் கொடுத்துவிட்டு வந்ததைச் சொல்ல மறந்தால், ஆயா சற்று நேரத்திலேயே மறுபடியும் கொடுப்பார். அவர்மீது என்ன குற்றம்?

துண்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. மெட்ராஸ் ஐ ஒரு பிள்ளைக்கு வந்தால் நான்கே நாளில் காப்பகம் முழுவதும் சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். கையும் துண்டும்தான் அதைக் கொண்டுபோகின்றன. சிரங்கும் அப்படித்தான். சீப்பு மாறினால் பேன். ஒரு கொடியில் பெயரில்லாமல் தொங்கும் எட்டு வெள்ளைத் துண்டுகள், பொதுத் துண்டு ஒன்றுக்குச் சமம்.

இனி யாரும் பேசாத ஒன்றைப் பேச வேண்டும். பொருள் காணாமல் போனால் பழி யார்மேல் விழுகிறது? ஆயாமேல்தான். "புது வாட்டர் பாட்டில் சார், நல்ல கம்பெனி, ரெண்டு வாரம்கூட ஆகல" என்று ஒரு தந்தை சத்தம் போட்டபோது, யாரும் வெளிப்படையாகத் திருட்டு என்ற சொல்லை எடுக்கவில்லை. ஆனால் அன்று மாலை ஆயாவின் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். கையில் எதுவும் இல்லை என்று முந்தானையை உதறிக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர் மறுநாள் வேலைக்கு வரவில்லை. பாட்டில் நான்கு நாள் கழித்து இன்னொரு பிள்ளையின் வீட்டிலிருந்து வந்தது. அதே நிறம், அதே அளவு, அவர்களுடையது என்று நினைத்து எடுத்துப் போயிருந்தார்கள். அந்தப் பாட்டிலின் அடியில் இரண்டெழுத்து எழுதியிருந்தால் ஒரு பெண்ணின் மானம் போயிருக்காது. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அந்தப் பெயர்தான் பாதுகாப்பு. "தொலைஞ்சா தொலையட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட முடிகிறவர்கள், தொலைந்தபின் யாரைப் பார்க்கிறார்கள் என்பதைத் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதே காரணத்துக்காகத்தான் சொல்கிறேன், பெயர் எழுத முடியாத பொருளை அனுப்பவே கூடாது. தங்கத் தோடு, வெள்ளிக் கொலுசு, அரைஞாண், கைவளை எல்லாம் காப்பகத்துக்கு வேண்டாம். தோட்டின் திருகாணி கழன்றால் அது பிள்ளையின் தொண்டைக்குப் போகலாம். போகாவிட்டால் ஆயாவின் தலையில் விழும்.

"பேர் எழுதிப் பழக்கினா பிள்ளை என்னது, உன்னதுன்னு சுயநலமா வளரும், பகிர்ந்துக்கக் கத்துக்கட்டும்" என்று சொல்கிறவர்களும் உண்டு. நல்ல மனத்தோடு சொல்கிறார்கள். ஆனால் எதைப் பகிர்வது என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. பகிர்வதற்குக் காப்பகத்தில் கட்டைகள் இருக்கின்றன, களிமண் இருக்கிறது, மணல் இருக்கிறது, ஊஞ்சல் இருக்கிறது. முறை வைத்து ஏறி இறங்கும் ஊஞ்சலில் பிள்ளை கற்றுக்கொள்ளும் பகிர்வை நிப்பிளிலும் சீப்பிலும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்று. இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தன்னுடையது என்ற உணர்வு முளைக்கும் காலம் அது. அது கெட்ட குணம் இல்லை, வளர்ச்சி. பிரிட்டனைச் சேர்ந்த குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டி. டபிள்யூ. வின்னிகாட் 1953-இல் வெளியிட்ட கட்டுரையில், தாயைப் பிரிந்திருக்கும் நேரத்தில் பிள்ளை பற்றிக்கொள்ளும் போர்வை, துணித்துண்டு போன்ற பொருள்களைப் பற்றி எழுதினார். நம் வீடுகளில் அது பெரும்பாலும் அம்மாவின் பழைய பருத்திச் சேலையிலிருந்து கிழித்த துண்டு. வாசம் போய்விடும் என்று அதைத் துவைக்கவும் விடாத பிள்ளைகள் உண்டு. மதியத் தூக்கத்துக்கு அந்தத் துண்டு வேண்டும், அதுவேதான் வேண்டும், அதைப் போன்ற இன்னொன்று ஆகாது. பத்துச் சேலைத் துண்டுகளில் அதைத் தேடிக்கொண்டிருக்கும்போது பிள்ளை அழுது அழுது நீலம் பாரிக்கும். ஓரத்தில் சிவப்பு நூலால் நான்கு தையல் போட்டிருந்தால் அரை நிமிடத்தில் கையில் கிடைத்துவிடும். அந்த நான்கு தையல் சுயநலத்தையா வளர்க்கிறது?

"நாங்கல்லாம் இப்படியா வளர்ந்தோம்? இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம்" என்பது பெரியவர்களின் வாதம். அவர்களிடம் மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுச் சமையலறையில் எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்து அடியில் பாருங்கள். பெயர் வெட்டியிருக்கும். கல்யாணத்துக்குச் சீர் வாங்கும்போது பாத்திரக்கடைக்காரர் எழுத்து வெட்டும் கருவியை எடுத்து, மணமக்கள் பெயரும் தேதியும் போடாமல் பாத்திரத்தைக் கொடுத்ததுண்டா? விசேஷ வீட்டுக்கு அண்டாவும் குண்டானும் இரவல் கொடுக்கும்போது, திரும்பி வர வேண்டுமே என்றுதானே பெயர் வெட்டினீர்கள்? வெளுக்கப் போட்ட துணிகளில் சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டைச் சாற்றால் போட்ட குறிகளை நினைத்துப் பாருங்கள். பல வீட்டு வேட்டியும் சேலையும் ஒரே துறையில் ஒன்றாக வெளுத்து, ஒன்றுகூட மாறாமல் அவரவர் வீடு திரும்பின. எழுதப் படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்டவர்கள், தாங்களே உருவாக்கிக்கொண்ட குறிகளைக் கொண்டு அதைச் செய்தார்கள். அந்தத் தொழிலில் அத்தனை தேர்ந்தவர்களே நினைவை நம்பவில்லை, குறியை நம்பினார்கள். ஆக, இது எங்கிருந்தோ வந்த பழக்கம் அன்று. பலர் பொருள் ஓரிடத்தில் சேரும்போது குறி போடுவது இந்த மண்ணின் நடைமுறை. (சேங்கொட்டைச் சாறு தோலைப் புண்ணாக்கும், பிள்ளைத் துணிக்கு அதை யாரும் எடுத்துவிட வேண்டாம்.)

அந்தப் பெரியவர்கள் வளர்ந்த காலத்தில் பிள்ளைகளின் பொருளில் பெயர் தேவைப்படவில்லை என்பது உண்மை. வீட்டில் பாட்டி இருந்தார், அத்தை இருந்தார், நான்கு பிள்ளைகளும் ஒரே இரத்தம். இப்போது முன்பின் தெரியாத பத்து வீட்டுப் பிள்ளைகள் ஒரே பாயில் தூங்குகிறார்கள். தொழிற்சாலைகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் இது புதிதும் இல்லை. பெண்கள் அதிகம் வேலை செய்யும் ஆலைகளில் பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. 1951-இல் தோட்டங்களுக்கும் சட்டம் வந்தது. டெல்லியில் கட்டட வேலை நடந்த இடத்திலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மீரா மகாதேவன் 1969-இல் 'மொபைல் கிரெச்சஸ்' அமைப்பைத் தொடங்கினார். 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டு, 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் காப்பக வசதி தர வேண்டும் என்றானது. காப்பகம் என்பது இனி சில வீடுகளின் கதை அல்ல. அதற்கான ஒழுங்குகளையும் நாம் பொறுப்போடு வகுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படி வகுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பெயரைப் படிக்கப் போவது யார் என்பது. நம் ஊரில் பெற்றோர் எழுதும் லேபிள்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன, அதிலும் கூட்டெழுத்தில், இணையத்தில் ஆர்டர் செய்து வரவழைத்த பூப்போட்ட ஸ்டிக்கரில். பார்க்க அழகாக இருக்கிறது. படிக்க வேண்டிய ஆயாவோ எட்டாம் வகுப்பு வரை தமிழ் படித்தவர். அவருக்குப் புரியாத எழுத்தில் பிள்ளையின் ஒவ்வாமையை எழுதி வைப்பதற்கும் எழுதாமல் விடுவதற்கும் வேறுபாடு இல்லை. தமிழில் எழுதுங்கள், கொட்டை எழுத்தில், பெரிதாக. இனிஷியலை நம்பாதீர்கள். ஒரே அறையில் இரண்டு 'எஸ். யாழினி' இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

படிக்கவே தெரியாத ஆயாக்களும் இருக்கிறார்கள், அவர்கள் மோசமான ஆயாக்கள் இல்லை. திருப்பூர் போன்ற ஊர்களில் ஒடியாவும் இந்தியும் பேசும் பெற்றோரின் பிள்ளைகள் தமிழ் பேசும் ஆயாக்களிடம் வளர்கிறார்கள். அங்கே எழுத்தைவிடப் படம் நல்லது. ஹங்கேரியிலும் செக் நாட்டிலும் மழலைப்பள்ளியில் சேரும் பிள்ளைக்கு ஒரு படக்குறி கொடுத்துவிடுவார்கள்: ஒரு பிள்ளைக்குக் குடை, ஒரு பிள்ளைக்கு வாத்து, ஒரு பிள்ளைக்குச் செர்ரிப் பழம். துண்டு மாட்டும் கொக்கி, அலமாரி, பை, துணி எல்லாவற்றிலும் அதே படம். படிக்கத் தெரியாத மூன்று வயதுப் பிள்ளையே தன் துண்டைத் தானே எடுத்துக்கொள்ளும். நம் காப்பகங்களில் மாம்பழம், யானை, பம்பரம், தவில், முருங்கைக்காய் என்று வைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? அங்கன்வாடிகளிலும் செய்யலாம். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. கொக்கியும் படமும் அவற்றுக்குப் பெரிய செலவில்லை.

"எல்லாவற்றிலும் எழுதினால் பெற்றோருக்குப் பைத்தியம் பிடித்துவிடும்" என்ற மறுப்பில் மட்டும் உண்மை இருக்கிறது. ஜப்பானில் டயப்பர் ஒவ்வொன்றின் மேலும் பிள்ளையின் பெயரை எழுதி அனுப்பச் சொல்லும் காப்பகங்கள் நிறைய இருந்தன. அழுக்கான டயப்பரை மாலையில் பெற்றோரே வீட்டுக்கு எடுத்துப்போகவும் வேண்டியிருந்தது. பெற்றோர் பல காலம் முறையிட்டபின், 2023-இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் அவற்றைக் காப்பகங்களே அப்புறப்படுத்துவது நல்லது என்று அறிவுறுத்தியது. அந்த அளவுக்கு நான் கேட்கவில்லை. வாய்க்குள் போவது, கண்ணிலும் தோலிலும் படுவது, மருந்து, பிள்ளை கட்டிக்கொண்டு தூங்குவது இவற்றில் பெயர் இருந்தே தீர வேண்டும். ஹேர்பேண்டில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

இந்த வேலை முழுவதையும் அம்மா தலையில் கட்டுவதையும் நான் ஏற்கவில்லை. "பெயரில்லாத பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று வாசலில் பலகை மாட்டிவிட்டுப் பல காப்பகங்கள் கைகழுவிவிடுகின்றன. மாதம் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்குகிறவர்கள் ஒரு மார்க்கரும் ஒரு சுருள் துணி டேப்பும் வாங்கி வைக்கக் கூடாதா? பெயரில்லாமல் வந்த பாட்டிலில் வாங்கும் இடத்திலேயே எழுதிவிட வேண்டியது காப்பகத்தின் கடமை. அதற்காக ஆயாவுக்குக் காலையில் கூடுதலாக ஒரு ஆள் துணைக்குத் தேவை என்றால் அதையும் கொடுக்க வேண்டியது நிர்வாகம்தான். வீட்டிலோ, அப்பாக்களுக்கும் பெயர் எழுதத் தெரியும்.

பெயரைப் பார்த்து யாராவது தெரியாத ஆள் பிள்ளையைக் கூப்பிட்டு ஏமாற்றிவிடுவார் என்ற பயத்தை நான் ஒதுக்கவில்லை. பையின் வெளிப்பக்கத்தில், தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி பெயரும் போன் நம்பரும் எழுத வேண்டாம். உள்பக்கத்தில், காலரின் உள்ளே, பாட்டிலின் அடியில் எழுதலாம். வெளியே படக்குறி போதும். இந்தப் பயம் எங்கே எழுதுவது என்பதைத்தான் மாற்றும். எழுதுவதா வேண்டாமா என்பதை மாற்றாது.

பிளாஸ்டிக்கில் மார்க்கர் மை பாத்திரம் கழுவும் சோப்பில் சில நாளில் மங்கிவிடும். மேலே ஒரு சுற்று ஒளி ஊடுருவும் டேப் ஒட்டினால் நிற்கும். எவர்சில்வருக்குப் பாத்திரக்கடையில் வெட்டுவதே நல்லது. துணிக்கு நூலும் ஊசியும். கொதிநீரில் போடும் பாட்டிலில் வாரம் ஒருமுறை பார்த்து மறுபடி எழுத வேண்டும்.

பிள்ளையைக் காப்பகத்தில் விடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவே அந்தப் பையைக் கொட்டி, முதலில் மருந்து பாட்டிலை எடுத்து எழுதுங்கள். பிறகு பால் பாட்டில், டம்ளர், துண்டு. ஒவ்வாமை இருந்தால் அதைச் சிவப்பில், தமிழில். நாளைக் காலை பிள்ளையை விடும்போது இரண்டு நிமிடம் நின்று ஆயாவிடம் அந்த எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். தெரியவில்லை என்று அவர் சொன்னால் அவருக்குத் தெரியும்படி மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போங்கள்.